குறுக்கே கடப்பவர்களின் சாலை

பேருந்து விரைவுத்தடம் என்பது சாலையின் நடுவே பேருந்துகளுக்கென்று தனித்தடம் ஒதுக்கி, ஏறுமுன்பே கட்டணம் பெற்று, பேருந்தின் தளத்துக்குச் சமமான உயரத்தில் நிறுத்தங்களை எழுப்பும் போக்குவரத்து முறையாகும். 1974இல் பிரேசிலின் குரிடிபா நகரில் தொடங்கிய இம்முறை, 2009இல் அகமதாபாத்தில் 'ஜன்மார்க்' என்ற பெயரில் நிலைபெற்றது. 2008இல் தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை போடப்பட்ட 5.8 கிலோமீட்டர்த் தடமோ 2016இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் இத்தகைய தடம் முன்மொழியப்பட்டு, வரைபடத்தோடு நின்றுபோயிற்று.

இச்சாலையில் மத்திய கைலாஷிலிருந்து பெருங்குடி வரையிலான பகுதி, 2000இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும் அதைத் தொடர்ந்து வந்த கண்ணாடிக் கட்டடங்களுமாக, எல்லோரும் அறிந்ததே. சாலையின் இயல்பு துலங்குவது துரைப்பாக்கத்தில்தான். பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும் தென்சென்னை ஏரிகளின் உபரிநீர், ஒக்கியம் மடுவு என்னும் கால்வாய் வழியே இச்சாலையின் அடியில் கிழக்கே புகுந்து, பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. சாலை வடக்கு தெற்காக நீள, நீர் மேற்கிலிருந்து கிழக்காக அதைக் கடந்தாக வேண்டும். சதுப்பு சுருங்கி அந்த வழி நெருக்கப்பட்டதன் விலை 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சாலையின் மேலேயே தெரிந்தது. 2022இல் பள்ளிக்கரணைக்கு ராம்சர் ஈரநிலத் தகுதி கிடைத்தபோது, அதன் பெரும்பகுதி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது.

மனிதரும் நீரைப் போலவே குறுக்காகத்தான் செல்கின்றனர். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காக 2000ஆம் ஆண்டு முதல் சாலைக்குக் கிழக்கே எழுந்த கண்ணகி நகரிலிருந்து, வீட்டு வேலைக்கும் அலுவலகத் துப்புரவுக்கும் செல்லும் பெண்கள், விடியுமுன் தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி, மெட்ரோ பணிக்கான தகரத் தடுப்புகளில் இடைவெளி தேடி நடந்து, ஒரு கையை நீட்டி வண்டிகளை நிறுத்தச் சொல்லிக்கொண்டே ஓடிக் கடக்கின்றனர். நிறுத்தம் சாலை நடுவில் அமையும் விரைவுத்தடத்தில் ஏறுபவரும் இறங்குபவரும் பாதிச் சாலையைக் கடந்தே தீர வேண்டும் என்பதால், கடக்கும் வசதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கும் திட்டம், பேருந்தின் வேகத்தைக் கூட்டி, பயணியைத் தெருவிலேயே நிறுத்திவிடும்.

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோவின் தூண்கள் சாலையின் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டதால், பேருந்துக்கு எஞ்சியிருப்பது குறுக்குப் பணி, அதாவது சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கத்துக்கும் கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூருக்கும் ஆட்களைக் கொண்டுசேர்க்கும் பணியாகும். விரைவுத்தடத்துக்கு இன்னும் இடமிருப்பது சிறுசேரிக்குத் தெற்கே, கேளம்பாக்கத்தைத் தாண்டி மாமல்லபுரம் வரையிலான பகுதியில்தான்.

அப்பகுதியின் நடுவில் திருப்போரூர் இருக்கிறது. முருகன் நிலத்தில் திருப்பரங்குன்றத்திலும், கடலில் திருச்செந்தூரிலும், விண்ணில் இங்கும் அசுரரோடு பொருதான் என்பது தலபுராணம். ஊர்ப்பெயரிலேயே போர் ஒலிக்கிறது. ஐப்பசியில் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை, மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்க, சூரசம்ஹாரம் காணப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் கூட்டம் கந்தசாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை நிறைக்கிறது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றியவர்களும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டவர்களும், பூக்கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தவர்களும் சாலை முழுவதையும் தமதாக்கிக்கொள்ள, சூரனின் தலை விழும்போது எழும் அரோகரா முழக்கத்தில் வண்டிகளின் ஒலிப்பான்கள் அடங்கிப்போகின்றன. ஓட்டுநர்கள் இஞ்சினை அணைத்துவிட்டு, கூட்டம் கடந்து முடியும்வரை காத்திருக்கின்றனர். வண்டிகள் நின்று மனிதர் கடக்கும்படி ஆண்டில் ஒரு மாலை தானாக நிகழும் இந்த முறைமாற்றத்தை, தடம் வரைபவர் துரைப்பாக்கத்தின் ஒவ்வொரு விடியலுக்கும் எழுதிவைக்க வேண்டும். பூஞ்சேரியைத் தாண்டி மாமல்லபுரத்தில் சாலை முடிகிறது. கடப்பவர்களின் கணக்கு அங்கு முடிவதில்லை.