வற்றிய குழாயும் நனையாத குதிகாலும்



பழைய பள்ளிவாசல்களில் உளூச் செய்ய ஹவுள் இருந்தது. நீர் நிறைந்த தொட்டியின் ஓரத்தில் அமர்ந்து கையால் அள்ளிக் கழுவினோம். அழுத்தம் என்ற பேச்சே எழவில்லை. ஹவுளின் இடத்தில் குழாய் வரிசை வந்தது. அதனுடன் அந்தப் பேச்சும் வந்தது. எங்கள் மதரஸாவில் 12 குழாய்கள். முதல் மூன்றில் நீர் நன்றாக வரும். கடைசி நான்கில் நூலாக ஒழுகும். மஃரிபுக்குச் சற்று முன் பிள்ளைகள் மொத்தமாக வந்து நின்றால் அதுவும் நின்றுவிடும்.

நீர் குறைவாக வருவது சிக்கனம்தானே என்று சிலர் கூறினர். ஆனால் இகாமத் சொல்லப்படும் அவசரத்தில் பிள்ளைகள் ஈரக் கையால் காலைத் தடவிவிட்டு ஓடுகின்றனர், குதிகால் நனைவதில்லை. ஒரு பயணத்தில் தோழர்கள் அவ்வாறே அவசரமாகக் கால்களைத் தடவிக்கொண்டதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அத்தகைய குதிகால்களுக்கு நரக நெருப்பின் கேடு உண்டு என உரத்த குரலில் எச்சரித்தார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆகவே இது வசதியைப் பற்றிய கேள்வியன்று. தொழுகை நிறைவேறுகிறதா என்ற கேள்வி.

அழுத்த மோட்டார் ஒன்று வாங்கலாம் என்றனர் நிர்வாகிகள். வக்ஃபுப் பணம் அமானிதம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவது அமானிதத்துக்கு அழகன்று. எனவே முதலில் ஆராய்ந்தோம்.

எங்கள் தொட்டி குழாய்களுக்கு மேல் 5 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீரின் அழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பார். எனவே எங்களுக்குக் கிடைப்பது அரை பார். உளூவுக்கு அது போதும். பிளம்பர் தொட்டியின் கழிவுக் குழாயைத் திறந்தார், நீர் பீறிட்டது. "ஹஜ்ரத், தொட்டியில குறை இல்ல. வர்ற வழியிலதான் அடைப்பு" என்றார்.

அப்படியே இருந்தது. தொட்டியடியில் இருந்த பழைய கேட் வால்வின் தகடு பாதியில் சிக்கிக் கிடந்தது. அரை அங்குல இரும்புக் குழாயை அறுத்துப் பார்த்தபோது, துருவும் உப்பும் படிந்து பென்சில் நுழையும் அளவே துளை எஞ்சியிருந்தது. அந்த ஒரே குழாய்தான் 12 குழாய்களுக்கும் நீர் தந்துகொண்டிருந்தது. மோட்டார் பொருத்தியிருந்தால் துருப்பிடித்த இணைப்புகள் வெடித்திருக்கக்கூடும்.

கேட் வால்வுக்குப் பதிலாகப் பால் வால்வு வைத்தோம். முதன்மைக் குழாயை ஒன்றரை அங்குல பிவிசியாக மாற்றி, ஒவ்வொரு குழாய்க்கும் அரை அங்குலக் கிளை எடுத்தோம். கடைசிக் குழாயில் ஒரு லிட்டர் குவளை நிறைய முன்பு 50 விநாடி ஆகும். இப்போது 8 விநாடி. மோட்டாரும் இல்லை, அதற்கான மின்கட்டணமும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அடுத்த சோதனை அன்றே தொடங்கியது. இரண்டு நிமிடம் குழாயைத் திறந்தே வைத்து உளூச் செய்யும் பிள்ளை இப்போது 15 லிட்டர் செலவிடுகிறான். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரால் உளூச் செய்தார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. ஒரு லிட்டருக்கும் குறைவு.

ஆகவே வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லிட்டர் குவளை தருகிறோம். அதைக் கொண்டே குதிகால் வரை முழுமையாகக் கழுவ வேண்டும். முதல் வாரம் பலருக்குக் காலுக்கு நீர் மிஞ்சவில்லை. மூன்றாம் வாரம் பெரும்பாலோர் முடித்துவிட்டனர். சிலர் குவளையில் மிச்சமும் காட்டினர். மற்ற நாட்களில் குழாயைக் கால்வாசி மட்டும் திறப்பதும், தேய்க்கும்போது மூடுவதும் விதி.

நீர் நூலாக ஒழுகும் குழாயில் சிக்கனம் இல்லை. அங்கே தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. நிறைய வரும்போது அளவோடு எடுப்பதே சிக்கனம். உங்கள் வீட்டிலோ மஹல்லாப் பள்ளியிலோ குழாய் மெலிந்தால், மோட்டாருக்கு வசூல் செய்யுமுன் வால்வையும் குழாயின் உட்புறத்தையும் பாருங்கள். சரியானபின் பிள்ளைகளின் கையில் ஒரு குவளையைக் கொடுங்கள்.

உளூவை நிறைவாகவும் வீண்விரயமின்றியும் செய்ய அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.