செயப்பாட்டு வினை

1997இல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த மறுவாரமே அப்பா என்னை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று பதிவு அட்டை வாங்கினோம். அந்தப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு மூப்பு போய்விடும். என்னிடம் விட்டிருந்தால் நான் தவறியிருப்பேன். அப்பா தவறவில்லை. எனக்குக் கல்யாணம் ஆன பிறகும், "கட்டிக்குடுத்த பொண்ணுக்கு இது எதுக்கு?" என்று அம்மா கேட்ட பிறகும், காலண்டரில் குறித்துவைத்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். கடைசியாகப் புதுப்பித்தது 2015இல். அடுத்த வருடம் போய்விட்டார்.

2018இல் அந்த அட்டையை அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். முந்தைய ஆண்டுதான் ஆறு வயது மகளோடு கணவர் வீட்டைவிட்டு வெளியேறி அம்மாவிடம் வந்திருந்தேன். ஒரு சுயநிதிக் கல்லூரியில் 9,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். கல்வியாண்டு முடிந்ததும், அடுத்த ஆண்டு தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவில்லை. தமிழில் முனைவர் பட்டம், இரண்டு கவிதைத் தொகுப்பு, வங்கிக் கணக்கில் 4,000 ரூபாய். அம்மாவுக்கு மாதம் 1,000 ரூபாய் விதவை உதவித்தொகை வந்தது. அதோடு ஜாக்கெட் தைத்துக் கொஞ்சம் சம்பாதித்தார். மகளின் பள்ளி வேனுக்கு மாதம் 550 ரூபாய் கட்ட வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பில் தேறாதவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். இளங்கலை முடித்தவருக்கும் எனக்கும் ஒரே தொகைதான். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45 வயதுவரை, மற்றவர்களுக்கு 40 வயதுவரை. எனக்கு அப்போது 38.

600 ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல் என்று தோழிகள் கேட்டார்கள். வேன் கட்டணம் போக 50 ரூபாய் மிஞ்சும் என்பதுதான் என் கணக்கு. அந்த ஆண்டின் புதுப்பித்தலை, முதல்முறையாக, நானே செய்தேன். எந்த வேலையிலும் சுயதொழிலிலும் இல்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். தெருப்பிள்ளைகள் இருவருக்கு டியூஷன் எடுத்து 300 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. பாடத்தை நிறுத்தாமல் பணத்தை நிறுத்தினேன். காலையில் தண்ணீர் பிடிப்பதிலிருந்து இரவு அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதுவரை செய்கிற எதுவும் வேலையில் சேராது என்பதால் உறுதிமொழியில் கையெழுத்திடத் தடையேதும் இல்லை.

வருமானச் சான்றிதழில்தான் எல்லாம் நின்றது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம் கேட்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன்.

"ஏம்மா, வீட்டுக்காரர் சம்பளம் வாங்குறார்ல? அதச் சேர்த்தா 72,000 தாண்டிடுமே."

"அவர் சம்பளத்துல எனக்கு ஒரு ரூபாகூட வர்றதில்ல சார்."

"அது உங்க குடும்பப் பிரச்சினை. ரேஷன் கார்டுல நீங்க ஒரே குடும்பம்தான்."

கார்டில் என் பெயரும் மகளின் பெயரும் கணவர் பெயருக்குக் கீழே இருந்தன. நீக்க வேண்டுமானால் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போனில் கேட்டேன். "பேரு அங்கயே இருக்கட்டும், நீ திரும்பி வருவ" என்று வைத்துவிட்டார். நான் எந்த வீட்டில் சாப்பிடுகிறேன் என்பதை அந்த வீட்டில் இல்லாத ஒருவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் கெட்டவர் இல்லை. இரண்டாம் முறை போனபோது அவரே வழியும் சொன்னார். "கணவனால் கைவிடப்பட்டவர்னு ஒரு சான்றிதழ் இருக்கும்மா. அத வாங்கிட்டீங்கன்னா எல்லாம் சுலபமாயிடும்."

பத்து ஆண்டுகள் வகுப்பில் இலக்கணம் நடத்தியவள் நான். 'படு' என்னும் துணைவினை சேர்ந்தால் செயப்பாட்டு வினை. எழுவாய் செயலைச் செய்யாது, ஏற்கும். செய்தவர் 'ஆல்' உருபு ஏற்று வருவார். கணவனால் கைவிடப்பட்டவர். அதிகாலை ஐந்து மணிப் பேருந்தில் ஒரு கையில் பையையும் மறு கையில் தூங்கி வழிந்த குழந்தையையும் பிடித்துக்கொண்டு ஏறியது நான். அந்த முடிவை எடுக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. என் வாழ்க்கையில் நானே செய்த ஆகப் பெரிய செயல் அது. சான்றிதழிலோ அதையும் அவரே செய்தவராகிறார். விட்டு வந்தவளுக்கு ஒரு படிவமும் இல்லை.

அந்த இடத்திலேயே மறுத்துவிட்டு எழுந்து வந்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. படிவத்தை வாங்கிவந்தேன். இரவு அம்மாவிடம் காட்டினேன்.

"பேருல என்னடி இருக்கு? எழுதிக் குடு. நான் விதவைன்னு எழுதிக் குடுத்துத்தானே ஆயிரம் ரூபா வாங்குறேன். அந்த வார்த்தை எனக்கு மட்டும் இனிக்குதா?"

என்னிடம் பதில் இல்லை. என் கவிதைகளில் எந்த வரியும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது. உண்மையிலேயே கைவிடப்பட்ட பெண்கள் அந்தச் சான்றிதழை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் என் விஷயத்தில் அது நடக்காத ஒன்று. டியூஷனுக்குப் பொய் எழுதாதவள் இதற்கு எழுதுவதா? இரண்டு நாள் கழித்து படிவத்தின் பின்பக்கத்தில் மகள் பூனை வரைந்திருந்தாள். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே போய் மனு கொடுத்தேன். எனக்கு முன்னால் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வேலை கேட்டு இரண்டு மாதமாகியும் கொடுக்கவில்லையாம். அந்தச் சட்டத்தில், வேலை கேட்ட 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று இருந்தது: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குமேல் பாதிக்குக் குறையாமல். சொன்னேன். ஒரு அக்கா கேட்டார், "வேலை கேட்டோம்ங்கிறதுக்கு எங்ககிட்ட என்ன இருக்கு கண்ணு?" தேதியிட்ட ரசீது தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில்தான் இருந்தது. ஒருவர் கையிலும் அது இல்லை. வாயால் கேட்டிருந்தார்கள். வாயால் கேட்டதற்குத் தேதி கிடையாது.

அன்றே என் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது: "தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." மறுபடியும் அதே வினை. இம்முறை 'ஆல்' கூட இல்லை. யார் எடுக்கிறார்கள், எப்போது முடிப்பார்கள், ஒன்றும் தெரியாது. அலுவலகம் தான் செய்ததைச் சொல்லும்போது செய்தவரைக் காணோம். என்னைச் சொல்லும்போது மட்டும் செய்தவராக ஓர் ஆண் வேண்டியிருக்கிறார்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தேன். இரண்டே கேள்விகள். தனியே வாழும் மனைவியின் குடும்ப வருமானத்தில் கணவரின் சம்பளத்தைச் சேர்க்கச் சொல்லும் ஆணையின் நகல் தர முடியுமா? என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது? 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்தேன். அதில் எல்லா வாக்கியங்களையும் செய்வினையில் எழுதினேன். நான் பிரிந்து வந்தேன். நான் என் தாயுடன் வாழ்கிறேன். நான் விண்ணப்பித்தேன். பொதுத் தகவல் அலுவலர் பதில் தரவில்லை.

நான் கேட்ட ஆணை நகல் கடைசிவரை வரவில்லை. மூன்று வாரத்தில் வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் "இவங்க வீட்டுக்காரர் வந்து போறாரா?" என்று கேட்டார். நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னார், "அவங்கப்பா செத்தப்ப வந்ததுதான் சார், அதுக்கப்புறம் இந்தத் தெருவுலயே பாக்கல." அதை எழுதிக்கொண்டு, அடுப்படியையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எத்தனை தட்டு இருக்கிறது என்று பார்த்தார் போலும்.

அம்மாவும் நானும் மகளும் ஒரு குடும்பம் என்று சான்றிதழ் வந்தது. முதல் தவணை, மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய், கணக்கில் ஏறியபோது நான் முதன்முதலில் விண்ணப்பித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்துக்கான 8,400 ரூபாய் எனக்குக் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு இன்னொரு மனு எழுதத் தொடங்கி, பாதியில் வைத்துவிட்டேன். களைப்பு. பெண்கள் பாதியில் விட்ட இப்படியான மனுக்கள் எத்தனை டிரங்குப் பெட்டிகளில் கிடக்குமோ.

ஓராண்டுக்குப் பிறகு ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்தது. உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி நானே கடிதம் எழுதினேன். அதற்குமட்டும் ஒரு தாமதமும் இல்லை.

இப்போது செயப்பாட்டு வினை நடத்தும்போது எடுத்துக்காட்டுக்கு நான் பழைய பாடல்களிடம் போவதில்லை. அரசுக் கடிதங்களைக் கொண்டுபோகிறேன். செய்தவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். மாணவிகள் சிரித்துக்கொண்டே தேடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும். வகுப்பு முடியும்போது இலக்கணத்தில் இல்லாத சிலவற்றையும் சொல்லி அனுப்புகிறேன். பதிவை யாரும் உங்களுக்காகப் புதுப்பிப்பார்கள் என்று இருக்காதீர்கள். எங்கே எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். தேதி போட்ட சீட்டை வாங்காமல் நகராதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

சென்ற மாதம் முன்னாள் மாணவி ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். மனு எழுத வேண்டும் என்றாள். "கணவர் என்னைக் கைவிட்டுட்டார்னு எழுதலாமா மேடம்?" என்று கேட்டாள்.

"கைவிட்டாரா?"

கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல மேடம். நான்தான் வந்துட்டேன்."

"அப்ப அதையே எழுது" என்று பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு, குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.