நடந்துபோகிற தூரம்

"இன்னும் கார் வாங்கேல்லையோ?" ஒக்லாந்தில் நான் சந்திக்கிற எங்கடை ஆட்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் அக்கறையும் இருக்கும், கொஞ்சம் இரக்கமும் இருக்கும். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் காரில்லாதவன் என்றால் அவனில் ஏதோ பிழை என்பதுதான் எங்கள் சமூகத்தின் கணிப்பு. கலியாண மண்டபத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருகிறவனை வாசலில் நிற்பவர்கள் பார்க்கிற பார்வை தனி. காசும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகும் நான் வாங்கவில்லை. எனக்கு நடக்கப் பிடித்திருக்கிறது.

நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடை டொமினியன் றோட்டின் நகரப்பக்க முனையில் இருக்கிறது. அறை சாண்ட்றிங்காமுக்குத் தெற்கே. இடையில் நாலு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. கோப்பைகள் கழுவி, அடுப்பைத் துடைத்து, குப்பையை வெளியில் வைத்துவிட்டு வெளிக்கிட இரவு பதினொன்றரை தாண்டிவிடும். பிறகு ஐம்பது நிமிட நடை. முதல் பத்து நிமிடத்திலேயே சட்டையில் ஏறிய எண்ணெய் மணம் காற்றில் கழன்றுவிடும். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்ற கால்களுக்கு நடப்பதே ஒருவித ஆறுதல். நிற்கிற நோவும் நடக்கிற நோவும் ஒன்றல்ல என்பது சமையலறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பகுதி நடப்பதற்கு ஏற்ற மாதிரி அமைந்தது தற்செயல் அல்ல. 1902 முதல் 1956 வரை இந்த நகரத்தில் மின்சார ட்ராம் ஓடியது. டொமினியன் றோட், சாண்ட்றிங்காம், மவுண்ட் ஈடன் எல்லாம் ட்ராம் பாதையை ஒட்டி வளர்ந்தவை. ட்ராமில் வந்து இறங்குகிறவன் வீட்டுக்கு நடந்துதான் போகவேண்டும். ஆகவே இறங்கிய இடத்தில் கடைகள், அதற்குப் பின்னால் நடந்துபோகிற தூரத்தில் வீடுகள். ட்ராம் போய்விட்டது. கடை வாசல்களில் நடைபாதைக்கு மேலால் நீட்டி நிற்கும் தாழ்வாரங்கள் மிச்சம். மழை நாளில் தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் பாய்ந்து கொஞ்சத் தூரம் நனையாமல் வரலாம். இந்தப் பக்கத்தால் மறுபடியும் ரெயில் விடப்போவதாக வருடக்கணக்காகக் கதைத்தார்கள், 2024 ஜனவரியில் கைவிட்டார்கள். எனக்கு நட்டமில்லை. நண்பர்கள் சிலர் காருக்கென்றே கட்டிய புதுப் புறநகர்களில் வீடு வாங்கியிருக்கிறார்கள். பெரிய வீடுகள்தான். ஒரு போத்தல் பால் வாங்கவும் கார் வேண்டும்.

வந்த புதிதில் எனக்குத் திசை பிடிபடவில்லை. ஊரில் வருடத்தின் பெரும்பாலான மாதங்களில் மத்தியான நிழல் வடக்கே விழும். இங்கே வருடம் முழுவதும் சூரியன் வடக்குப் பக்கத்தால் போகிறது, நிழல் தெற்கே. நிழலைப் பார்த்து நடந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறேன். ஊரில் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கிற பிறை இங்கே நிமிர்ந்து நிற்கிறது. இதெல்லாம் காருக்குள் இருந்தால் கண்ணில் பட்டிராது.

நடப்பது என்பது எனக்கு முன்பு வேறு விதமான காரியம். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கொக்குவிலிலிருந்து திருநெல்வேலிக்கு நடந்தால் அரை மணித்தியாலம். சென்றிக்கு முன்னால் சைக்கிளில் இருந்து இறங்கி உருட்டவேண்டும், அடையாள அட்டையைக் கையில் எடுக்கவேண்டும். வேகமாக நடந்தால் ஏன் ஓடுகிறாய், மெதுவாக நடந்தால் என்ன பார்க்கிறாய். அங்கே நடையின் வேகத்தைத் தீர்மானித்தது கால்கள் அல்ல. படிப்பு இடையில் நின்றது. இங்கே வந்து முதல் ஆறு மாதம், தெருமுனையில் மஞ்சள் மேற்சட்டை போட்ட வீதித் தொழிலாளியைக் கண்டாலும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். எப்போது அது நின்றது என்று தெரியவில்லை.

இங்கே எல்லாம் பூரணம் என்று சொல்லவரவில்லை. வெள்ளி இரவுகளில் ஓடுகிற காரிலிருந்து ஏதாவது கத்திவிட்டுப் போவார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண் தனியே நடந்துபோனால் நான் வீதியைக் கடந்து மற்றப் பக்கத்தால் நடக்கிறேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிற பயம் எனக்கும் தெரியும்.

நடப்பவர்களை மறந்து கட்டிய இடங்களும் உண்டு. 1959இல் துறைமுகப் பாலத்தைத் திறந்தபோது செலவைக் குறைக்க நடைபாதையை விட்டுவிட்டார்கள். நடக்கவும் சைக்கிளுக்கும் தனிப் பாலம் கட்டுவதாக 2021 ஜூனில் அறிவித்து, ஒக்ரோபரில் அதையும் கைவிட்டார்கள். சாதாரண நாளில் அதால் ஒருவரும் நடக்க முடியாது. ஆனால் 1975இல் மாவோரி மக்கள் நடந்தார்கள். 79 வயதான ஃபீனா கூப்பர் தலைமையில் வடகோடியிலுள்ள தே ஹாபுவாவிலிருந்து செப்ரெம்பர் 14இல் வெளிக்கிட்டவர்கள், ஒக்ரோபர் 13இல் வெலிங்ரன் பாராளுமன்றத்தை அடைந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர், காணி பறிபோவதற்கு எதிராக. 2024 நவம்பரில் வைதாங்கி உடன்படிக்கை பற்றிய சட்டமூலத்தை எதிர்த்து மறுபடியும் அந்தப் பாலத்தால் நடந்தார்கள். எங்கள் கடையில் கோப்பை கழுவும் மாவோரிப் பெடியன் அன்று வேலைக்கு வரவில்லை. முதலாளி முணுமுணுத்தார். அடுத்தநாள் காலில் கொப்புளத்தோடு வந்து, 'ஹீகொய்' என்றால் வெறும் நடைதான் என்று எனக்குச் சொல்லித்தந்தான்.

காணிக்காக நடப்பது எனக்குப் புதிது. நான் கண்டது காணியை விட்டுவிட்டு நடந்ததைத்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு, எனக்கு ஒன்பது வயது. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே தெருவால் தென்மராட்சிக்குப் போனது. மழை. செம்மணி வெளியில் ஓரடி வைக்க முன்னாலுள்ளவர் ஓரடி வைக்கவேண்டும். அம்மா தலையில் ஒரு மூட்டை, ஒரு கையில் பை, மற்றக் கையில் நான். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது.

யாழ்ப்பாணம் நகரிலிருந்து சாவகச்சேரி ஏறக்குறைய பதினாறு கிலோமீற்றர். ஒக்லாந்தில் 'கரையிலிருந்து கரைக்கு' என்று ஒரு நடைவழி இருக்கிறது, அதுவும் பதினாறு கிலோமீற்றர். வைதெமதா துறைமுகத்தில் தொடங்கி மனுகாவ் துறைமுகத்தில் ஒனிஹங்காவில் முடிகிறது. கடை மூடியிருந்த ஒரு திங்கட்கிழமை அதால் தனியே நடந்தேன். வழியில் மவுங்காஃபாவ் எரிமலை, 196 மீற்றர். 2016 முதல் கார்கள் உச்சிக்குப் போக முடியாது, ஏறுவதென்றால் கால்தான். யாழ்ப்பாணத்தானுக்கு மலை பழக்கமில்லை. கீரிமலையில்கூட மலை பெயரில்தான் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறினேன். சரிவு முழுவதும் மாவோரிகள் ஒருகாலத்தில் வெட்டிய படித்தளங்கள், மேலே புல் மூடிய பள்ளம்.

ஒனிஹங்காக் கரையில் நின்று அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்.

"எங்கையப்பு நிக்கிறாய்?"

"நடக்க வந்தனான் அம்மா. பதினாறு கிலோமீற்றர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஏனடா, பஸ் இல்லையோ?"

சும்மா நடந்தேன் என்றேன். சும்மா நடப்பதை அவவுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தவ, பிறகு கிபிருக்கும் ஷெல்லுக்கும் நடந்தவ. கடைசியில், "இரவைக்குக் கால் நோகும், நல்லெண்ணெய் பூசிப்போட்டுப் படு" என்றா.

திரும்பி பஸ்ஸில்தான் வந்தேன். சாண்ட்றிங்காமில் இறங்கி ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு அறைக்கு நடந்தேன்.