மூன்று கோடியும் முக்கால் ரூபாயும்

பாரத யுத்தத்தில் இரு தரப்பிலும் சேர்த்து எத்தனை அக்ஷௌகிணி சேனை நின்றது என்று கேட்டால் இக்காலத்துப் பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வெளியான படம் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் எத்தனை கோடி வசூலித்தது என்று கேளுங்கள். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிசகில்லாமல் சொல்வார்கள். பெரம்பலூரில் கல்லூரியில் வாசிக்கும் நம்முடைய மருமான் ஒருவன் உண்டு. "மாமா, மூன்றே நாளில் நூறு கோடி!" என்று அவன் நம்மிடம் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பிரகாசத்தைப் பார்த்தால், அந்தப் பணத்தில் பாதி அவன் பெயருக்கு வந்து சேர்ந்துவிட்டதோ என்று யாருக்கும் சந்தேகம் தோன்றும். "யாருக்கப்பா வந்தது?" என்று கேட்டோம். "படத்துக்கு" என்றான். படத்துக்குச் சட்டைப் பை கிடையாதே! பணம் யாரிடமிருந்து புறப்பட்டு, யார் யார் கைகளில் தங்கி, கடைசியில் எவ்வளவு மிச்சமாக யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதல்லவா கேள்வி?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு ஓரளவு யோக்கியதை உண்டு. எழுபதுகளில் நம் பெரியப்பா பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு டூரிங் டாக்கீஸ் நடத்தினார். கீற்றுக் கொட்டகை, மணல் தரை. தரை டிக்கெட் கால் ரூபாய், பெஞ்சு அரை ரூபாய், நாற்காலி முக்கால் ரூபாய். நன்றாக இருட்டிய பிறகுதான் படம் தொடங்கும். பெரம்பலூருக்கு ரயில் கிடையாதாகையால் படப்பெட்டி திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரும். பெட்டியோடு விநியோகஸ்தரின் பிரதிநிதி ஒருவரும் வருவார். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எத்தனை டிக்கெட் கிழித்தது என்று அவரும் பெரியப்பாவும் அரிக்கன் விளக்கில் கணக்குப் பார்த்து 'டி.சி.ஆர்.' என்னும் தினசரி வசூல் தாளில் கையெழுத்திடுவார்கள். அந்தத் தாளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'வசூல்' என்பது ஒரு சொல் அல்ல, மூன்று சொற்கள் என்பது தெரியும்.

ஜனங்கள் கொடுப்பது மொத்த வசூல். அதில் முதல் பங்கு சர்க்காருக்கு. சென்னை மாகாணத்தில் 1939-ஆம் வருஷத்திலேயே கேளிக்கை வரிச் சட்டம் வந்துவிட்டது. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி.யும் வந்தது. வரி போக மீதி நிகர வசூல். அதில் கொட்டகைக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டு கொடுப்பதே விநியோகஸ்தரின் 'ஷேர்'. விநியோகஸ்தர் பிரதிச் செலவு, விளம்பரச் செலவு, தம் கமிஷன் எல்லாவற்றையும் கழித்துக்கொண்ட பிறகு எஞ்சுவதுதான் படமெடுத்தவரின் வீடு போய்ச் சேரும்.

ஒரு ரூபாய் டிக்கெட் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வரி முப்பது காசு. மீதி எழுபதில் கொட்டகைக்குப் பாதி. எஞ்சிய முப்பத்தைந்தில் விநியோகஸ்தர் பதினைந்தைக் கழித்தால் தயாரிப்பாளர் காண்பது இருபது காசு. ஆகவே மூன்று கோடி போட்டவர் போட்ட முதலை எடுக்க வேண்டுமானால் ஜனங்கள் பதினைந்து கோடி ரூபாய்க்கு டிக்கெட் வாங்கியாக வேண்டும்!

மூன்று கோடி என்று நாம் சும்மா சொல்லவில்லை. அமெரிக்கக் குதிரைவீரர் படங்களின் பாணியில் நம் தேசத்தில் எடுக்கப்பட்டவற்றுள் தலைசிறந்ததென்று பெயர் வாங்கிய 'ஷோலே'யின் செலவு சுமார் மூன்று கோடி ரூபாய். ஜி.பி. சிப்பி தயாரிக்க, அவருடைய குமாரர் ரமேஷ் சிப்பி இயக்கினார். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் உள்ள ராமநகரத்துப் பாறைகளுக்கு நடுவே ஒரு கிராமத்தையே நிர்மாணித்து, சாமான்கள் போய்வரச் சாலையும் போட்டு, 1973 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். ரயில் கொள்ளைக் காட்சிக்கு மட்டும் ஏழு வாரங்கள் பிடித்தன. 35 மில்லிமீட்டரில் எடுத்த படத்தை 70 மில்லிமீட்டராகப் பெருக்குவதற்கு லண்டன் வரையில் போனார்கள். முதலில் போட்ட திட்டம் ஒரு கோடி. முடிந்தபோது மூன்று மடங்கு ஆகியிருந்தது. கல்யாணம் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு ஆச்சரியம் தராது.

1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி படம் வெளியாயிற்று. முதல் வாரங்களில் படம் தோல்வி என்றே வர்த்தகப் பத்திரிகைகள் எழுதின. முடிவை மாற்றி எடுக்கலாமா என்று கூடத் தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள். பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுக் கூட்டம் பெருகிற்று. பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து வருஷங்களுக்கு மேல் ஓடிற்று. இதன் வசூல் பதினைந்து கோடி என்பாரும் உண்டு, முப்பத்தைந்து கோடி என்பாரும் உண்டு. மொத்தமா நிகரமா, முதல் ஓட்டமா மறு ஓட்டமா என்று கேட்காமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். நம் மருமான் அளவுகோலின்படி, மூன்றாம் நாளோடு கணக்கை மூடியிருந்தால், 'ஷோலே' ஒரு பெருந்தோல்வி!

செலவு பெரிதானால் வரவும் பெரிதாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மேல்நாட்டுக் கணக்குகள் அதை ஆதரிக்கவில்லை. 1952-இல் வந்த 'ஹை நூன்' ஏழு லட்சத்து முப்பதினாயிரம் டாலரில் முடிந்த படம். அதைப்போல் பல மடங்கு சம்பாதித்தது. 1964-இல் இத்தாலியரான செர்ஜியோ லியோனே சுமார் இரண்டு லட்சம் டாலரில், ஸ்பெயின் தேசத்துப் பொட்டல்வெளியை அமெரிக்க எல்லைப்புறமாக வேஷம் போடச் செய்து 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார். கதாநாயகர் கிளிண்ட் ஈஸ்ட்வுட்டுக்குச் சம்பளம் பதினைந்தாயிரம் டாலர். இருவரும் உலகப் பிரசித்தி அடைந்தார்கள். மாறாக, 1980-இல் வந்த 'ஹெவன்ஸ் கேட்' நாலு கோடியே நாற்பது லட்சம் டாலரை விழுங்கிவிட்டு, அமெரிக்காவில் முப்பத்தைந்து லட்சம் டாலர் அளவுக்கே திரும்பக் கொடுத்தது. அடுத்த வருஷமே யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் கம்பெனி கைமாறிப் போயிற்று.

இவ்வளவு தூரம் போவானேன்? 1948 ஏப்ரலில் ஜெமினி எஸ்.எஸ். வாசன் வெளியிட்ட 'சந்திரலேகா'வின் செலவு முப்பது லட்சம் ரூபாய் என்பது பிரசித்தம். முரசு நடனமும் சர்க்கஸும் பார்த்துத் தமிழ்நாடே வாய் பிளந்தது. ஆனாலும் தமிழ்நாட்டு வசூல் மட்டும் அந்தச் செலவுக்கு ஈடாகவில்லை. அவர் சளைக்காமல் சில காட்சிகளை மாற்றி ஹிந்தியில் எடுத்து, அவ்வருஷம் டிசம்பரில் அறுநூறுக்கு மேற்பட்ட பிரதிகளோடு வட இந்தியாவில் இறக்கினார். அந்த வரவுதான் ஜெமினியைக் காப்பாற்றியது. தைரியம் என்றால் அது தைரியம். ஆனால் தைரியசாலிகள் எல்லாருக்கும் அறுநூறு பிரதிகள் கிடைப்பதில்லை.

நம் பெரியப்பா விஷயத்துக்கு வருவோம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' போன்ற 1972-ஆம் வருஷத்துக் குதிரை, துப்பாக்கிப் படங்களென்றால் அவருக்கு உயிர். வாடகை மலிவு, கூட்டமோ நிச்சயம். ரஞ்சன்குடிக் கோட்டையையும் பச்சைமலை அடிவாரத்து முட்புதர்களையும் பார்த்துப் பழகிய நம் ஜனங்களுக்கு அந்தப் படங்களின் வறண்ட பூமி அந்நியமாகவே தோன்றவில்லை. பருத்தி விற்றுக் காசு கண்ட வாரமானால் பெஞ்சு நிறையும். மழை பொய்த்த வருஷமானால் நாற்காலி காலியாகக் கிடக்கும். அரியலூர்ப் பக்கத்திலோ சிமெண்டு ஆலையின் சம்பள தினத்தைக் கேட்டுக்கொண்டுதான் நல்ல படத்துக்குப் பெட்டி சொல்வார்.

சதவிகிதக் கணக்கில் ஓட்டிய வரையில் பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. ஒரு தீபாவளிக்கு ஒரு பெரிய படத்தை 'மினிமம் கியாரண்டி' என்னும் முறையில் எடுத்தார். அதாவது, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் பேசிய தொகையை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வந்தால்தான் பங்கு. படத்தின் பெயர் எதற்கு? பட்டணத்தில் நூறு நாள் ஓடிய படம். இங்கேயோ ஐந்து நாள் அடைமழை. கொட்டகை மணலில் தண்ணீர் நின்றது. ஆறாம் நாள் பெட்டி திரும்பிப் போயிற்று. அந்தப் பொங்கலுக்குப் பெரியம்மாவின் கைகளில் கண்ணாடி வளையல் மட்டுமே இருந்தது. பெரியம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கொட்டகைப் பக்கம் அடியெடுத்து வைக்கவும் இல்லை. இரண்டு வருஷத்தில் கொட்டகையைப் பிரித்துக் கீற்றையும் மூங்கிலையும் விற்றார்கள்.

பட்டணத்துக் கணக்கில் அந்தப் படம் மகத்தான வெற்றி. அந்தக் கணக்குப் பொய்யல்ல. பெரியம்மாவின் நான்கு தங்க வளையலும் அதற்குள்ளே வரவாகத்தான் சேர்ந்திருக்கிறது! படத் தொழிலில் தமிழ்நாட்டை ஏரியாக்களாகப் பிரித்திருக்கிறார்கள். பெரம்பலூரும் அரியலூரும் 'திருச்சி-தஞ்சை ஏரியா' என்ற ஒரே வரியில் அடக்கம். 1995-இல் பெரம்பலூர் தனி ஜில்லா ஆயிற்று. 2007-இல் அரியலூரும் தனியாயிற்று. சர்க்கார் தந்த அந்த அந்தஸ்தைச் சினிமாக் கணக்கு மட்டும் தரவில்லை.

மருதையாற்றுத் தண்ணீர் கொள்ளிடத்தில் கலந்து கடலுக்குப் போகிறது. கடற்கரையில் நின்று வெள்ளத்தை அளப்பவர்களுக்கு மருதையாறு தெரியாது. அதில் குற்றமில்லை, அளக்கிற இடம் அப்படி. ஆனால் எந்தக் கரை உடைந்தது, எந்த வயல் மூழ்கியது என்று அறிய விரும்புகிறவர்கள் ஆற்றின் மேலே நடந்து வரத்தான் வேண்டும். கோடிகளைப் பற்றிப் பேசுவதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை, பேசட்டும். ஆனால் ஒரு படம் வெற்றியா தோல்வியா என்று தீர்ப்புச் சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. சொன்ன தொகை மொத்தமா, நிகரமா, பங்கா? எத்தனை நாள் கணக்கு அது? நஷ்டம் வந்திருந்தால் யார் வீட்டு நகை போயிருக்கும்? முதல் இரண்டுக்கும் பத்திரிகைகளில் விடை கிடைக்கக்கூடும். மூன்றாவதற்கு விடை அந்தந்த வீட்டுப் பெண்மணிகளிடம்தான் இருக்கிறது.