கடற்கரைப் பட்டினத்தில் ஒரு சதுரங்கப் போர்

இலண்டனிலிருந்து புகையிரதமேறி ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகப் பிரயாணஞ் செய்தால், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்ரிங்ஸ் பட்டினத்தை அடையலாம். அங்கே மீன்பிடி வள்ளங்களைக் கூழாங்கற் கரைமீதே இழுத்தேற்றி வைக்கின்றனர். அவற்றின் பின்னே, வலைகளைப் பேணுதற்கென எழுந்த கருநிற மரக்குடில்கள் ஒடுங்கி உயர்ந்து நிற்கின்றன. அக்காட்சியைக் கண்டு களித்தபின், நாம் தேடிச் சென்றது பிராஸி நிலையம் என்னும் பழைய கட்டடத்தையே. இன்று அங்கே நகர நூலகம் நடைபெறுகின்றது.

1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், உலகின் சிறந்த சதுரங்க வீரர் 22 பேர் இக்கட்டடத்திற் கூடினர். அவர்களுள் ஒருவர் ஸ்ரைனிற்ஸ். வயது 59, முந்திய ஆண்டிலேதான் லாஸ்கரிடம் உலகப் பட்டத்தை இழந்திருந்தார். பத்தாவது சுற்றில் அவரை எதிர்த்தமர்ந்தவர், முன்னணியில் நின்ற ஜெர்மானியர் பாடிலேபன்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஸ்ரைனிற்ஸ் இத்தாலியத் தொடக்கத்தை மேற்கொண்டார். அரசனின் காலாள் இரு கட்டம் முன்னேறும். பின் குதிரை வரும். மந்திரி குறுக்கே பாய்ந்து எதிரி அரசனின் பக்கத்தைக் குறிபார்க்கும். இதற்கு இத்தாலியர் இட்ட பெயரின் பொருள் 'அமைதியான ஆட்டம்' என்பதாம்!

ஸ்ரைனிற்ஸ் ஒன்பதாவது நகர்த்தலிலேயே கோட்டை கட்டித் தம் அரசனைக் காத்துக் கொண்டார். பாடிலேபனின் அரசனோ நடுவிலேயே தங்கிவிட்டான். பதினேழாவது நகர்த்தலில் ஸ்ரைனிற்ஸ் ஒரு காலாளைப் பலியிட்டுக் குதிரைக்கு வழி திறந்தார். இருபத்திரண்டாவதில் அவருடைய யானை, எதிரி அரசனுக்கு முன்னிருந்த குதிரையை வெட்டி அங்கே நின்றது. அரசன் அதனை வெட்டினால் மற்ற யானையும் பாய்ந்து வரும். அரசி வெட்டினால் பின்வரிசை யானை பறிபோகும். தொடத்தகாத அந்த யானை, கட்டங் கட்டமாக அரசனை மூலைவரை துரத்திற்று.

இருபத்தைந்தாவது நகர்த்தலுக்குப் பின், பாடிலேபன் ஒரு சொல்லும் பேசாது எழுந்து மண்டபத்தை விட்டு வெளியேறினார். அவருடைய கடிகாரம் ஓடி முடிந்தது. எஞ்சிய பத்து நகர்த்தல்களில் வெற்றி எவ்வாறு கிட்டும் என்பதை ஸ்ரைனிற்ஸ் பார்வையாளருக்கு ஆடிக் காட்டினார். அழகிய ஆட்டத்துக்கான முதற் பரிசும் அவருக்கே கிடைத்தது.

போட்டியில் முதலிடம் பெற்றவரோ 22 வயது அமெரிக்கர் பில்ஸ்பரி. ஸ்ரைனிற்ஸ் ஐந்தாம் இடத்தையே பெற்றார். எனினும் அப்போட்டியை நினைப்போர் இவ்வாட்டத்தை மறப்பதில்லை.

கட்டடத்தின் வாசலில் நின்று நாம் சிந்தித்தோம். பாடிலேபன் திறமையிற் குறைந்தவரல்லர். அப்போட்டியில் லாஸ்கரையே வென்றவர். ஆயினும், எழுந்து போன கதையே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அரசனைக் காலத்தோடு காத்துக்கொள்வதைப் பயிற்சியாற் கற்கலாம். தோற்ற வேளையில் எதிரிக்குக் கைகொடுத்து எழுவதையோ, மாணவர்களே, மனத்தாற்றான் கற்க வேண்டும்.