எரித்த பறை

சத்திரத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் வந்ததும் அம்மா என் கண்ணைப் பொத்துவாள். "அங்கிட்டுப் பாக்காத, சாத்தான் கோபுரம்." 1987-ல் கட்டி முடித்த சீரங்கத்து ராஜகோபுரம் விரலிடுக்கிலும் தெரியும். அப்பாயிக்கு வேற கணக்கு. "நம்மள உள்ள விட்டிருந்தால்ல சாமியா சாத்தானான்னு தெரியும்" என்பாள். ஆலய நுழைவுச் சட்டம் 1939-லும் 1947-லும் வந்தது. அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சனம் நாங்கள். பிறகு சபை வந்து, அந்த வாசலை நாங்களே வேண்டாமென்று விட்டதாகச் சொல்லிக்கொடுத்தது.

சபையைத் திட்ட இதை எழுதவில்லை. தாத்தா குடியை விட்டது அந்த ஓலைக் கொட்டகையில்தான். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தது வேதப் புத்தகத்தில்தான். எங்க சேரிப் பொம்பளைகள் மைக் பிடித்துச் சாட்சி சொன்னார்கள். ஊரில் எவன் கொடுத்தான் அவர்களுக்கு மைக்? பதிலுக்குக் கம்மல் போச்சு, பூ போச்சு, சினிமா, பொங்கல் எல்லாம் போச்சு. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. தாத்தாவின் பறை போச்சு. சாவுக்கு அடிச்சது, பிசாசு குடியிருக்கு என்று பாஸ்டர் சொல்ல, ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் தாத்தாவே எரித்தார். தோல் கருகின நாத்தம் மூணு நாள் இருந்துச்சு என்பாள் அப்பாயி. ஊரான் சாவுக்கு இனி அடிக்கமாட்டேன் என்று தாத்தா நிமிர்ந்ததும் அன்றைக்குத்தான். அது விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவமானம் ஊரான் கொடுத்தது, பறை எங்களுடையது. இரண்டையும் ஒரே தீயில் போட்டார்கள்.

எம்.ஏ. தமிழில் திருப்பாணாழ்வார் பாடம் வந்தது. உறையூர்ப் பாணர். காவிரிக் கரையில் நின்று பாடியவரைக் கல்லால் அடித்தார்களாம். பிறகு தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோனார்களாம். பத்துப் பாட்டோடு பெருமாளில் கலந்துவிட்டாராம். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை என்பதை வாத்தியார் பக்தி என்றார். எனக்கு நந்தன் ஞாபகம் வந்தது.

சரி, கர்த்தர் வீட்டிலாவது? மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் குழிகளைப் பிரித்து நின்ற சுவரை எதிர்த்து 2010-ல் போராட்டம் நடந்தது. பாஸ்டரிடம் கேட்டேன். "அது அவங்க சபை. நமக்கு உலகக் காரியம் வேணாம்மா" என்றார். 1950 ஜனாதிபதி ஆணையோ கிறிஸ்தவத் தலித்துக்குப் பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திறந்த கதவு அது. குழிக்குள் வரைக்கும் வருகிற சாதி, சர்டிபிகேட்டுக்கு மட்டும் வராது.

சபைக்குப் போவதை நிறுத்தினேன். நரகபயத்தில் தூக்கம் வராத ராத்திரிகள் உண்டு. தோழர்களிடம் இதைச் சொன்னதில்லை. பாமாவின் 'கருக்கு' (1992) அப்போது துணையாக இருந்தது. பிறகு பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவுவைப் பற்றித் தெரிந்தது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்தவர், 2005-ல் மறைந்தார். சனங்களின் மெட்டிலேயே வழிபாடு கட்டினார். ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் அவருக்கு நற்கருணை. வேதத்தைத் திரும்ப எடுத்தேன். இயேசுவை நகர வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று அதில் இருக்கிறது. ஊருக்கு வெளியே என்றால் சேரிதானே! இத்தனை வருசம் மனப்பாடமாகச் சொன்ன வசனம் அது.

போன வருசம் தாத்தா இறந்தார். சபைக்காரர்கள் கீபோர்டோடு வந்தார்கள். எங்க இயக்கப் பையன்கள் பறையோடு வந்தார்கள். அம்மா வாசலை மறித்து நின்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தெருமுனையைக் காட்டி, "அங்கிட்டு நின்னு அடிங்க" என்றாள். அடித்தார்கள். பாஸ்டர் ஜெபத்தைச் சத்தமாக்கினார்.

ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "மாமா அடிச்சதும் இந்த அடிதானாடி?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாயியும் இல்லை, யாரைக் கேட்பது?