உதைப்பதற்கு மட்டுமா?

“அமெரிக்க உதைபந்தாட்டத்தில், ஆண்களின் கல்லூரி அணிகளிலே பெண்களும் ஆடுகிறார்களாமே, சேர்?” என்று மாணவி ஒருத்தி எம்மிடம் வினவினாள். “ஆடுகிறார்கள், பந்தை உதைப்பதற்கு மட்டும்” என்றோம். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை.

நாம் முற்றிலும் பொய் கூறவில்லை. 1997இல் வில்லமெற் சர்வகலாசாலையின் லிஸ் ஹீஸ்ரனும், 2020இல் வாண்டர்பில்ற் சர்வகலாசாலையின் சாரா ஃபுல்லரும் உதைத்தே புள்ளி பெற்றனர். மோதி வீழ்த்துவதே முறையான அவ்வாட்டத்தில், உதைப்பவர்மீது மோதுவதை விதி தடுக்கிறது. அந்த ஓரத்து இடமும் எளிதிற் கிட்டியதன்று. கல்வியில் பால்வேற்றுமையை விலக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், மோதல் விளையாட்டுகளில் பெண்களைத் தெரிவுக்கு அழைக்கும் கடமையைக் கல்லூரிகளுக்கு விதிக்கவில்லை. தெரிவில் இடங்கொடுத்தபின் பெண்ணென்று ஒதுக்கலாகாது எனத் தீர்ப்புப் பெறவே, ஹெதர் மேர்சர் டியூக் சர்வகலாசாலைமீது வழக்குத் தொடுத்து 1999வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆனால், 2023 செப்ரெம்பரில் ஷெனன்டோவா சர்வகலாசாலையின் ஹேலி வான் வூர்ஹிஸ், உதைப்பவராக அன்றி, தற்காப்பு நிலையிலே மோதுவோர் நடுவிற் களமிறங்கினார். அதை அறியாமலே நாம் நகைத்திருக்கிறோம். பெண்ணின் திறமையை அளக்குமுன் அவளுக்குரிய இடத்தை அளந்துவிடும் பழக்கம் அந்நாட்டு விதிநூலில் மட்டுமா உள்ளது? எமது நாவிலும் இருந்தது.

மறுநாள், அதே வகுப்பின் முன்னிலையில், அம்மாணவிக்கு அளித்த விடையைத் திருத்திக் கூறினோம்.